பதினோரு நோயும் ஒரு தனித்தாளும்

மாமியாருக்குத் தலைவலி வந்தாலே மருமகளைத் திரும்பிப் பார்க்கிற உலகம் இது. நானோ ஒரே மத்தியானத்தில் என் மாமியாருக்குப் பதினோரு நோய்களை வரவழைத்தவள். அதுவும் நீல மையில், என் சொந்தக் கையெழுத்தில், தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது மசாலா சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

நான் திருச்சியில் பிறந்து, சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் அம்மா அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். எங்கள் வீட்டில் ஒருவர் வயிறு வலிக்கிறது என்றால் அடுத்த நிமிஷம் வயிற்றை அமுக்கிப் பார்த்து, தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுவார். உடம்பைப் பற்றி ஒருத்தர் சும்மாவேனும் பொய் சொல்வார் என்பது எனக்கு இருபத்தாறு வயது வரை தெரியாது. (இந்த லட்சணத்தில் பி.காம். முதல் வகுப்பு வேறு.)

என் மாமியார் ஆவுடையம்மாளின் சட்டம் வேறு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பவர் அவர். யாராவது ‘எப்படி இருக்கீக?’ என்று கேட்டுவிட்டால், ‘நல்லா இருக்கேன்’ என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. ‘என்னத்தச் சொல்ல’ என்று ஆரம்பித்து ஒரு நோவைச் சொல்லிவிட்டுத்தான் மறுபேச்சு. பால்காரர் கேட்டால் முழங்கால். பூக்காரம்மா கேட்டால் தலைசுற்றல். கோவில் வாசலில் சொந்தக்காரர் யாராவது கேட்டால் நெஞ்சடைப்பு. (ஆளின் தகுதிக்குத் தகுந்த நோய்.) இது கண் படாமல் இருக்கச் சொல்வது என்று மாமனாருக்குத் தெரியும், என் கணவர் சங்கருக்குத் தெரியும், பால்காரருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

ஆகவே நான் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய், “எங்க வலிக்குது அத்தை? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்று கேட்பேன். அவரும் கொஞ்சம் யோசித்து ஒரு பக்கத்தைக் காட்டுவார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினால் போதும் என்பார். இவ்வளவு நோயைச் சுமந்துகொண்டு இந்த மனுஷி எப்படித்தான் ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிறாரோ என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அம்மா வழியில் நானும் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நோவு, பக்கம்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்த நோட்டுக்கு வேலை வந்தது. என் நாத்தனார் செல்விக்கு ஜெர்மனியில் தலைப்பிரசவம். அவளுக்கு அம்மா பக்கத்தில் வேண்டும். மதுரையைத் தாண்டாத அத்தை, மகளுக்காக விமானம் ஏறவும் தயாராகிவிட்டார். (மாமனார், அந்தக் குளிரில் தனக்கு வேலையில்லை என்று முதல் நாளே கை கழுவிவிட்டார்.) விசாவுக்குப் பயண இன்சூரன்ஸ் தாள் வேண்டும். சங்கர் நூல் வியாபாரத்தில் அலைகிறவர். தாள் வேலை முழுக்கப் ‘படிச்ச மருமக’ தலையில் விழுந்தது. நானும் சந்தோஷமாகத் தலையைக் கொடுத்தேன்.

ரத வீதியில் ஓர் இன்சூரன்ஸ் அண்ணாச்சி இருந்தார். மூன்று திட்டங்களை மேஜையில் விரித்தார். விலை குறைந்த திட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு எதுவும் கிடையாது. விலை கூடியதில் கிடைக்கும், ஆனால் உள்ளதை உள்ளபடி முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். சங்கரின் நண்பர் ஒருவர் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று போட்டுவிடச் சொல்லியிருந்தார். அதை அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“போடலாம்மா. இங்கனயிருந்து பிளேன் ஏறுத வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அங்கன போய்ப் படுத்தாங்கன்னா கம்பெனிக்காரன் பழைய டாக்டர் சீட்டை எல்லாம் தோண்டுவான். மறைச்சது தெரிஞ்சா ஒத்தப் பைசா வராது. அம்புட்டும் ஒங்க நாத்தனா தலையில விழும்” என்றார் அண்ணாச்சி.

அது போதாதா எனக்கு? விலை கூடிய திட்டம்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். படிவத்தில் நோய்களுக்கு இரண்டே வரி விட்டிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமே வந்தது. தனித்தாள் எடுத்து, ‘இணைப்பு 1’ என்று தலைப்பிட்டு, நெஞ்சடைப்பில் தொடங்கி, தலைசுற்றல், கைகால் மரத்தல், மூச்சுத்திணறல், கண் மங்கல் என்று போய், ‘அடிக்கடி உயிர் போய் உயிர் வருதல்’ வரை பதினொன்றை வரிசைப்படுத்தினேன். ‘சர்க்கரை நோய் உண்டா?’ என்ற கட்டத்தில் மட்டும் தைரியமாக ‘இல்லை’ என்று எழுதினேன். காப்பியில் இரண்டு ஸ்பூன் சீனி போட்டுக் குடிக்கிறவருக்குச் சர்க்கரை எங்கிருந்து வரும்? அத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்தான். ஆனாலும், “நீ எழுதினா சரியா இருக்கும்ட்டி” என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

தனித்தாளைப் படித்த அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “அம்புட்டும் உண்டாம்மா?” என்று மட்டும் கேட்டார். உண்மையைத்தானே எழுதச் சொன்னீர்கள் என்றேன், பெருமையாக.

அண்ணாச்சி அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அந்த அம்மா பூ வாங்குமிடத்தில் வருத்தப்பட்டிருக்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் காலையில் இருந்து எங்கள் வீட்டுக்கு ரொட்டிப் பாக்கெட்டோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரொட்டி, சாத்துக்குடி, ஆப்பிள். வந்தவர்கள் குரலைத் தாழ்த்தி, “எப்படி இருக்கீக?” என்று கேட்டார்கள். அத்தையும் வழக்கம்போல, “என்னத்தச் சொல்ல, ஏதோ இருக்கேன்” என்று பெருமூச்சு விட்டார். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதற்காக எல்லாரும் ரொட்டி கொண்டுவருகிறார்கள் என்று அத்தைக்குப் பிடிபடவே இல்லை. (மூன்று நாள் எங்கள் வீட்டில் காலை, மாலை இரண்டு வேளையும் ரொட்டிதான்.)

மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் வந்தது. இந்த நிலையில் பாலிசி தர இயலாது. இதயம், நரம்பு, நுரையீரல், கண் எல்லாவற்றுக்கும் பரிசோதனைச் சீட்டுகள் வேண்டும். அதற்கு முன் அவர்களுடைய டாக்டர் பயணியிடமே போனில் பேசவேண்டும். விசாவுக்குச் சென்னை போக இன்னும் ஆறே நாள்தான் இருந்தது.

இணைப்பு 1-ன் நகலை அன்றுதான் சங்கர் படித்தார். “எங்க அம்மாவப் பத்தி எழுதினியா, இல்ல ஒரு வார்டைப் பத்தி எழுதினியா?” என்றார். கண்ணடி விஷயத்தை அவர் விளக்கிச் சொல்லச் சொல்ல எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மூன்று வருஷ நோட்டு! வேலியில் போன ஓணானை நானேதான் பிடித்து மடியில் விட்டிருக்கிறேன். அத்தை தாளை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கடைசி வரை படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று பார்த்து அத்தையின் அண்ணன், பனவடலிசத்திரத்துப் பெரிய மாமா, ஒரு குலை இளநீரோடு வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “அனுப்ப மனசில்லன்னா நேரா சொல்லிரலாம்லா. இப்படியா எழுதிக் கெடுக்கது?” என்றார், சுவரைப் பார்த்து. அடுப்படிக்குள் போய் வாயில் முந்தானையை வைத்து அழுதேன். செல்வி வலியில் கிடக்கும்போது அம்மா வராமல் போனால், காலத்துக்கும் அது என் பெயரில்தானே நிற்கும்?

மறுநாள் காலை பதினொரு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். ஒரு பெண்தான், தமிழ்தான். கையில் என் தனித்தாள் இருக்கிறது என்பது குரலிலேயே தெரிந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு அத்தையின் முன் வைத்தேன். நெஞ்சடைப்பு எப்போதிலிருந்து என்று கேட்டார்.

“அது எப்பவும் வராது. யாராவது எப்படி இருக்கேன்னு கேட்டாத்தான் வரும்” என்றார் அத்தை.

“கேட்கலன்னா?”

“கேக்கலன்னா நல்லாத்தான் இருக்கேன். அதை வாயால சொல்லலாமா டாக்டரம்மா? கண்ணு பட்டுராதா?”

டாக்டர், “நான் கண்ணு வைக்க மாட்டேம்மா, சொல்லுங்க” என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். மூச்சுத்திணறல், மருமகளின் சித்தி கேட்டபோது சொன்னது. கண் மங்கல், ஊசியில் நூல் கோத்துத் தரச்சொல்லி ஒருத்தி தொந்தரவு பண்ணியபோது சொன்னது. பதினொன்றும் உதிர்ந்துவிட்டன. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. (பதினோராவது எனக்குத்தான் இருந்திருக்கிறது.)

“அப்போ சுகர், பிரஷர் எதுவுமே கிடையாது. அப்படித்தானே?” என்று டாக்டர் முடிக்கப்போனார்.

அத்தை போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஏட்டி கோமதி, அடுப்புல பால் பொங்குதான்னு பாரு” என்றார்.

அடுப்பில் பாலே இல்லை. ஆனாலும் போனேன். ஸ்பீக்கர் என்றால் என்னவென்று அத்தைக்குச் சரியாகத் தெரியாது. டாக்டர் சொல்வது அடுப்படி வரை தெளிவாகக் கேட்டது. எதையாவது மறைத்தால், அங்கே முடியாமல் போகும்போது பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு உங்கள் மகள்தான் கஷ்டப்படுவாள் என்று மெதுவாகச் சொன்னார்.

“சுகர் உண்டும்மா” என்றார் அத்தை. “மூணு வருசமா மாத்திரை போடுதேன். உளுந்து டப்பாக்குள்ள வச்சிருக்கேன். திருநவேலியில கல்யாண வீடுன்னு சொல்லிட்டுப் போய் டாக்டரப் பாத்துட்டு வருவேன். மருமகளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்காரி மகள்லா, தெரிஞ்சா காப்பியில சீனிய நிறுத்திப்புடுவா.”

திருநெல்வேலியில் மட்டும் வருஷத்துக்கு நான்கு கல்யாணம் எப்படி வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. இல்லாத பதினொன்றை எழுதிவிட்டு, இருந்த ஒன்றுக்கு ‘இல்லை’ போட்டிருக்கிறேன். கையிலிருந்த காலிப் பால் சட்டியால் என் தலையில் நானே போட்டுக்கொள்ளலாமா என்று நினைத்தேன்.

டாக்டருக்கு இன்னொரு சந்தேகம். அப்படியானால் உங்கள் மருமகள் ஏன் இதையெல்லாம் எழுதினார் என்று கேட்டார். நான் அடுப்படிக் கதவோரம் வந்து நின்றேன்.

“அவ மேல தப்பில்ல தாயீ. நாப்பது வருசமா இதே பாட்டத்தான் பாடுதேன். இந்த வீட்டுல ஒருத்தரு எங்க வலிக்குன்னு கேட்டதில்ல. அவ ஒருத்திதான் நெசம்னு நம்பி, எந்தப் பக்கம்னு கேட்டு, நோட்டுல எழுதினா.”

அடுப்படியில் நான் அழுத இந்த இரண்டாவது அழுகை வேறு மாதிரி அழுகை. பேசி முடித்துவிட்டு வந்த அத்தை என் முகத்தைப் பார்த்ததும், எல்லாம் கேட்டுவிட்டது என்று புரிந்துகொண்டார். பால் பொங்கிவிட்டதா என்று கேட்டார். பொங்கிவிட்டது என்றேன்.

திருநெல்வேலி டாக்டரின் சீட்டோடு, சுகரை மட்டும் எழுதி, கொஞ்சம் கூடுதல் பணம் கட்டி, அதிலிருந்து நான்காம் நாள் பாலிசி வந்தது. விசாவும் வந்தது. பெரிய மாமாவை அத்தையே போனில் கூப்பிட்டு, மருமகளைப் பேசினால் வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். உளுந்து டப்பாவில் இருந்த மாத்திரை கைப்பைக்கு வந்தது. பெட்டியில் ஒரு பொட்டலம் புற்றுமண்ணும் போயிற்று. செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அத்தை பக்கத்தில் இருந்தார். இன்சூரன்ஸைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. போனில் நான் எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்கு மட்டும், “என்னத்தச் சொல்ல, குளிர்ல கால் வெரல் பத்தும் செத்துப்போச்சு” என்றார்.

“நெசமா அத்தை, கண்ணுக்கா?” என்று கேட்டேன்.

“கண்ணுக்குத்தான்” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எங்கே வலிக்கிறது என்றாலும் முதல் கேள்வி அதுதான்: நெசமா, கண்ணுக்கா? மாமனார் இருமினால் கேட்பார்கள். சங்கர் வேலைக்குப் போக முடியவில்லை என்றால் கேட்பார்கள். ஜெர்மனியிலிருந்து வீடியோவில் வரும் பேத்தி, இரண்டாம் வகுப்பு படிப்பவள், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டால் அவளிடமும் கேட்பார்கள். அண்ணாச்சி மட்டும் என்னை ரத வீதியில் பார்க்கும்போதெல்லாம், “தனித்தாள் ஏதும் வேணுமாம்மா?” என்பார்.

போன மாதம் துணி பிழிந்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு இடுப்பில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. “ஐயோ, இடுப்பு” என்றேன். சங்கர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “நெசமா, கண்ணுக்கா?” என்றார்.

“நெசம்தான்” என்றேன். அவர் ‘ம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

உள்ளே முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அத்தை கையைக் கழுவிவிட்டு வந்தார். அலமாரியிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு புதுப் பக்கத்தில் மெதுவாகத் தேதி போட்டார்.

“எந்தப் பக்கம்ட்டி?” என்று கேட்டார்.