ஹோலுக்குள் ஊற்று

"இஞ்சாருங்கோ, நாய் ஏதும் உள்ளுக்க வந்ததோ?"

பெற்றிசியாவின் வீட்டில் நாய் கிடையாது. பக்கத்து வீடுகளிலும் கிடையாது. ஆனால் ஹோலின் புது மாபிள் தரையில், வாசல் கதவுக்கு நேரே நடுவில், ஒரு சோற்றுக் கோப்பை அளவு ஈரம் நின்றது. அதற்கு யாரையாவது குற்றம் சாட்ட வேண்டியிருந்தது.

அவள் புருசன் பஸ்ரியன் பேப்பரை இறக்காமலே சொன்னார். "துடைச்சு விடும்."

"மூண்டு தரம் துடைச்சிட்டன். துடைக்கத் துடைக்க வருகுது."

அன்று வியாழக்கிழமை. ஞாயிறு பின்னேரம் மாதா வருகிறா.

செபமாலை மாதத்தில் கோயிலிலிருந்து மாதாவின் சுருவச் சிலை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவில், இருக்கிற சனம் முழுவதும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லும். பஸ்ரியன் வீட்டின் முறை நான்கு வருடத்துக்கு ஒருதரம்தான் வரும். போனமுறை ஹோல் சின்னனாக இருந்ததால் பங்குச் சுவாமியார் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு செபமாலையின் ஐந்து காரணிக்கங்களையும் சொல்லி முடித்தார். "மாதா வந்தவ, நிக்கத்தான் இடமில்லை" என்று எதிர்வீட்டு றோசம்மா சொன்னது தலைமன்னார் முழுக்கப் பரவியது.

பெற்றிசியா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். இரண்டு வருடம் கழித்து ஹோலை முன்பக்கம் இழுத்துக் கட்டினார்கள். இப்போது அறுபது பேர் தாராளமாக முழங்காலில் நிற்கலாம். அந்த அறுபது பேருக்கும் முன்னால் தான் நிற்க வேண்டும், அதை றோசம்மா பார்க்க வேண்டும். இதைவிட வேறெதற்கும் அவள் இந்த நான்கு வருடத்தில் ஆசைப்பட்டதில்லை.

பஸ்ரியன் மீன்பிடிச் சங்கத்தில் கிளாக்கர். எந்தப் பிரச்சினையும் ஒரு பெட்டிசத்தில் தீரும் என்று நம்புகிறவர். ஒழுங்கை வரவர ஒடுங்குகிறது என்று பிரதேச சபைக்கு ஏற்கெனவே இரண்டு பெட்டிசம் போட்டிருந்தார். "முந்தி லொறி வந்துபோன ஒழுங்கை. இப்ப ஓட்டோவுக்கே மூச்சு முட்டுது. எல்லாம் அந்தச் சிங்கராசா மதிலை முன்னுக்கு அரக்கிற அரக்குத்தான்." சிங்கராசா றோசம்மாவின் புருசன். எதிரிலேயே இருந்தபடியால் குற்றம் சாட்ட வசதியாக இருந்தார்.

ஈரத்துக்குப் பெட்டிசம் போட முடியாதே. பஸ்ரியன் வீட்டுக் குழாய்களையெல்லாம் இறுக்கினார். மீற்றருக்கு முன்னால் குந்தியிருந்து அரை மணித்தியாலம் உற்றுப் பார்த்தபின் வாசலில் இருந்த வால்வையும் பூட்டினார்.

"மீற்றர் அசையேல்லை. எங்கட பைப்பில ஒழுக்கில்லை."

"அப்ப தரையில நிக்கிறது மீற்றருக்குத் தெரியாமல் வந்த தண்ணியோ?"

பஸ்ரியன் போய்ச் சீமெந்து வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, ஈரம் நின்ற மாபிளைக் கழற்றி, அடியில் அரைப் பை சீமெந்தைக் குழைத்து இறுக்கினார். சனிக்கிழமை விடிய அந்த இடம் நன்றாகக் காய்ந்திருந்தது. அதைச் சுற்றி வேறு நாலு இடத்தில் நீர் கசிந்தது. கோப்பையளவு ஈரம் பாயளவாகியிருந்தது.

பெற்றிசியா பாயளவு ஈரத்தையும் புருசனையும் மாறி மாறிப் பார்த்தாள். "இஞ்ச பாருங்கோ. நாளைக்கு மாதா இந்த வீட்டுக்கு வராமல் போனால், நான் வங்காலைக்குப் போறன். அம்மா வீட்டில கதிரை இருக்கு, தரையும் காஞ்சு கிடக்கு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது பஸ்ரியனுக்குத் தெரிந்தது. உடனே பாப்பாமோட்டை ஏரம்புவுக்குப் போன் எடுத்தார்.

ஏரம்பு வயல்காரர். பெருநிலத்தில் பாதிக் கிணறுகளுக்கு இடம் காட்டியவரும் அவர்தான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். நிலத்தடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் எழும்பி நிற்கும்.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியவர் ஹோலைப் பார்த்துத் தயங்கினார். "நான் கிணத்துக்குத்தான் பாக்கிறனான் தம்பி. ஒழுக்குக்குப் பாத்ததில்லை."

"ரெண்டும் தண்ணிதானே ஐயா?"

"அதுவும் சரிதான்."

பெற்றிசியா வாசலை மறித்தாள். "மாதா வாற வீட்டில தேங்காய் உருட்டுறதோ?"

"உருட்டேல்லைப் பிள்ளை. கையிலதான் வைக்கிறனான். மாதாவுக்கு முந்தி நான் போயிடுவன்."

தேங்காய் ஹோலின் நடுவில் சடக்கென்று எழும்பி நின்றது. ஏரம்பு கால்பெருவிரலால் தரையில் தட்டினார். "இந்த இடம்."

"ஈரமாக் கிடக்கிறது எங்களுக்கும் தெரியுது," என்றாள் பெற்றிசியா.

"ஈரம் மேலுக்கு. நான் சொல்லுறது கீழுக்கு. பெரிய ஓட்டம் பிள்ளை." ஏரம்பு ஹோலின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை நடந்து பார்த்தார். தேங்காய் படுக்கவேயில்லை. அவர் முகத்தில் வியப்புத் தட்டியது. "கயிறு பிடிச்ச மாதிரிப் போகுது. இவ்வளவு நேரான ஊற்றை நான் என்ர சீவியத்தில காணேல்லை."

"கிண்டினால் நிக்குமோ?" என்று கேட்டார் பஸ்ரியன்.

"தண்ணி எங்க இருக்கெண்டு சொல்லுவன். நிக்குமோ எண்டு சொல்ல மாட்டன்."

பஸ்ரியன் கிண்டுவதற்கு இரும்பு அலவாங்கை எடுத்தார். மத்தியானம் ஆகும்போது ஹோலின் நடுவில் இடுப்பளவு ஆழக் கிடங்கு தோண்டிவிட்டார். சேற்றுக்குள் ஏதோ டொக் என்று தட்டுப்பட்டது.

"பனை வேராயிருக்கும்," என்றார் ஏரம்பு.

பஸ்ரியன் பனை வேருக்கு ஓங்கி ஒன்று விட்டார்.

தண்ணீர் அவர் மூக்கில் அடித்தது. மாதாவுக்குத் தைத்த புதுத் திரைச்சீலையிலும் அடித்தது.

"வால்வைப் பூட்டும்! வால்வைப் பூட்டும்!" என்று கத்தினார்.

"அது வியாழக்கிழமையே பூட்டின வால்வு!"

பெற்றிசியா கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். நான்கு வருட ஆசை கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றது. கிடங்குக்குள் நின்றபடி முகத்தைத் துடைத்த பஸ்ரியன் உதட்டை ஒருதரம் நக்கினார். பிறகு இன்னொருதரம் நக்கினார்.

"பெற்றிசியா, உப்பில்லை!"

அந்த ஊரில் எந்தக் கிணற்றுத் தண்ணீரையும் வாயில் வைக்க முடியாது. பெற்றிசியா அழுகையை நிறுத்திவிட்டு ஒரு கை அள்ளிக் குடித்தாள். இனித்தது.

ஏரம்புவும் குடித்துப் பார்த்தார். "லேசா மருந்து மணக்குது. சில நிலத்தில அப்பிடித்தான். மூலிகைத் தண்ணி." தன் பெருமைக்கு ஒரு போத்தலில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அவர் தலை மறையவும் றோசம்மா வாளியோடு வரவும் சரியாக இருந்தது. "எங்கட குழாய் மத்தியானத்தோட நிண்டிட்டுது. ஒரு வாளி தாவன் பெற்றிசியா." எட்டிப் பார்த்தவள் வாயைப் பிளந்தாள். குடித்துப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டாள். "அடியே, மாதா தான் வர முந்தியே தண்ணியை அனுப்பிப்போட்டா!"

றோசம்மாவின் வாயிலிருந்து இதைக் கேட்டபின் பெற்றிசியாவுக்குத் திரைச்சீலையாவது மாபிளாவது!

அரை மணித்தியாலத்தில் ஒழுங்கை முழுவதும் வரிசையில் நின்றது. ஒருவர் வீட்டிலும் குழாயில் தண்ணீர் இல்லாததால் ஒருவர் விடாமல் வந்தார்கள். ஞாயிறு மத்தியானம் இரண்டாம் ஒழுங்கையும் வந்தது. அள்ள அள்ள ஊறியது. பஸ்ரியன் மேசை போட்டு இருந்து பெயர் பதிந்து நம்பர் துண்டு கொடுத்தார். சிங்கராசாவுக்குக் கடைசித் துண்டு.

"ஒழுங்கையை விழுங்கினவைக்குக் கடைசியாத்தான் தண்ணி," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

சிங்கராசா வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார்.

பின்னேரம் மாதா வந்தா. ஒழுங்கை போதாமல் தூக்கி வந்தவர்கள் சுருவக் கூட்டைப் பக்கவாட்டில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "பாருங்கோ சுவாமி, பாருங்கோ இந்த அநியாயத்தை," என்று பஸ்ரியன் எதிர்வீட்டு மதிலைக் காட்டினார்.

கிடங்கின் விளிம்பில் மேசை வைத்து, பூ வைத்து, மாதாவை எழுந்தேற்றினார்கள். அறுபது பேருக்குக் கட்டிய ஹோலில் எண்பது பேர் ஈரத்தில் முழங்காலிட்டார்கள். சுவாமியாருக்கு இந்தமுறை இரண்டு காலும் உள்ளே, இரண்டும் நனைந்திருந்தன. பெற்றிசியா எல்லாருக்கும் முன்னால் நின்று செபமாலை சொன்னாள். சேலை முழங்கால்வரை தோய்ந்திருந்தது. அவள் வாழ்நாளில் இப்படிச் சந்தோசப்பட்டதேயில்லை.

கடைசிக் காரணிக்கம் முடியும்போது வாசலில் சனூன் நின்றான். தண்ணீர்க் கந்தோரில் பைப் பார்க்கிறவன். கையில் நீளமான இரும்புக் கம்பி. ஒரு நுனி நிலத்திலும் மற்ற நுனி அவன் காதிலும் இருந்தது. செபம் முடியும்வரை மரியாதையாக நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியை ஊன்றி ஊன்றிக் காது கொடுத்தபடி, சனத்துக்கு நடுவால் நேரே கிடங்குக்கு வந்தான்.

"என்ன சனூன்?" என்றார் சுவாமியார்.

"மன்னிக்கோணும் சுவாமி. நேற்று மத்தியானம் தொடக்கம் இந்தப் பக்கம் ஒரு குழாயிலயும் தண்ணி இல்லை. எங்க போகுதெண்டு நிலத்தில காதை வைச்சுக்கொண்டு ரெண்டு நாளாத் திரியிறன்."

குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தான். "எங்கட குளோரின் மருந்துதான்." கையைத் தோள்வரை கிடங்குக்குள் விட்டுத் துழாவி, உடைந்த பைப் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தான். "மெயின் லைன்."

எண்பது பேரும் தங்கள் தங்கள் வாளியைப் பார்த்தார்கள். தங்கள் குழாய்க்கு வரவேண்டிய தண்ணீரைத் துண்டு வாங்கி வரிசையில் நின்று சுமந்திருக்கிறார்கள். றோசம்மா முதலாவது ஆளாகச் சிரித்தாள். பெற்றிசியா புருசனை ஒரு பார்வை பார்த்தாள். அதில் வங்காலை தெரிந்தது.

பஸ்ரியன் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. கிளாக்கர் நிமிர்ந்து நின்றார்.

"அப்ப பிழை ஆரில? ஒரு குடும்பம் குடியிருக்கிற ஹோலுக்குக் கீழால மெயின் லைன் கொண்டுபோறதோ? கண்டவன்ர காணிக்குள்ளயும் பைப் புதைக்கிறதோ? நாளைக்கே பெட்டிசம் போடுறன்! சுவாமி சாட்சி! மாதா சாட்சி!"

சனூன் கோபிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நனைந்த பிளான் ஒன்றை எடுத்து விரித்தான். வாசலுக்குப் போய், சிங்கராசாவின் மதிலில் முதுகை வைத்து, அங்கிருந்து கிடங்குவரை அடி எண்ணிக்கொண்டு வந்தான். பிளானை இன்னொருதரம் பார்த்தான்.

"போடுங்கோ ஐயா," என்றான் தன்மையாக. "ஆனால் இந்தப் பைப்பை நாங்கள் ஒழுங்கையின்ர நட்ட நடுவிலதான் தாட்டனாங்கள்."