கம்பெனி பஸ்ஸில் பாதிச் சம்பளம்

நாட்டின் கஜானாவைக் காப்பாற்றத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்தார். அது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமல் போனது நாட்டின் கெட்ட நேரம்!

அவர் பெயர் 'பாதிச் சம்பளம்'. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்க எனக்குக் கூச்சம். கிருஷ்ணகிரியில் தமிழில் ஆரம்பித்து, சூளகிரியில் தெலுங்கில் சூடேறி, ஓசூரில் கம்பெனி கேட்டில் கன்னடத்தில் முடிப்பார். பக்கத்து சீட்டில் நான். பேச வராது, தலையாட்டுவேன்.

"ஆர்டர் இல்லன்னா கம்பெனி நம்ம சம்பளத்துல கை வைக்குதா இல்லியா? கஜானா காலின்னா எம்.எல்.ஏ., கவர்மெண்ட்டு ஆளுங்க சம்பளத்துல பாதிய வெட்டு! தீந்துச்சு!"

"ஏண்ணா, பாதி குடுத்தா வேலையும் பாதிதான் நடக்கும்" என்பான் பின் சீட்டு முனிராஜ்.

"இப்ப மட்டும் முழுசா நடக்குதாடா?"

பஸ்ஸே குலுங்கும்.

ஒரு தேர்தலில், ஓட்டுக் கேட்டு ஜன்னலில் நீண்ட வேட்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாதிச் சம்பளம் போதும்னு சொல்லுங்க, விடறேன்!" பஸ் நகர்ந்துவிட்டது. டிரைவர் பிரேக் போட்டிராவிட்டால் அந்த மனிதர் சூளகிரி வரை கூடவே ஓடியிருப்பார்.

அப்புறம்தான் அந்தப் போன் வந்தது. இரைச்சலில் கேட்காதென்று ஸ்பீக்கரில் போட்டார். அவர் மகள் கவிதா.

"அப்பா, தாலுகா ஆபீஸ்ல வேலைக்கு ஆர்டர் வந்துருச்சுப்பா! மூணு வருசமாப் படிச்சது... ஆனா நீங்க திட்டற வேலதானே. சேரட்டுமா, வேணாமா?"

பஸ் மொத்தமும் மூன்றாவது சீட்டுப் பக்கம் திரும்பியது. முனிராஜ் எழுந்தே நின்றுவிட்டான். பாதிச் சம்பளம் போனை வாயருகே கொண்டுபோனார்.

"சேரும்மா. ஆனா உன் சம்பளத்தையும் பாதியாக்கச் சொல்லித்தான் பேசுவேன்."

"பேசுங்கப்பா. பொறந்ததுல இருந்து கேக்கறேன், இன்னும் கேக்க மாட்டனா!"

விசில் பறந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

வீட்டில் நல்லது நடந்தால் பஸ் முழுவதற்கும் லட்டு தருவது எங்கள் வழக்கம். மறுநாள் பெரிய டப்பாவோடு ஏறினார். ஆளுக்குப் பாதி லட்டு!

"அண்ணா, இது அநியாயம்!"

"கொள்கைடா. தின்னு!"

என் கையில் மட்டும் முழு லட்டை வைத்தார். "நான் பேசறத நீ ஒருத்தன்தான்யா முழுசாக் கேட்ட."

அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். இப்போது மூன்றாவது சீட்டில் ஒரு பையன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்குகிறான். சூளகிரி வந்தால் என் தலை மட்டும் தானாக ஆடுகிறது.