‘இருங்க’ மறந்த ஒரே இடம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எந்த வேலையையும் உரிய நேரத்தில் முடிக்காமலே பெயர் வாங்கியவன் ஒருவன் உண்டென்றால், அது எங்கள் ‘இருங்க’தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் கொடுத்த எனக்கே மறந்துவிட்டது. டீ சாப்பிடுகிறாயா என்றாலும் “இருங்க”. கடை தீப்பிடித்துவிட்டது என்றாலும் “இருங்க”.

நான் அஞ்சாவதைத் தாண்டாதவன். ஒற்றைக் குழாய் ஸ்பீக்கரோடு சவுண்டு சர்வீஸ் தொடங்கியவன். இன்று வடக்கனந்தலிலிருந்து ரிஷிவந்தியம் வரை என் சீரியல் செட் இல்லாமல் எந்தச் சாமியும் தெருவில் இறங்குவதில்லை. அப்பேர்ப்பட்ட நான், போனால் போகிறதென்று டிப்ளமோ படித்த இவனைச் சேர்த்துக்கொண்டேன். விரல் நீளப் போர்டில் புரோகிராம் ஏற்றினால் லைட்டு தானாக மின்னுமாம்.

மின்னிய அழகைத்தான் கல்வராயன் மலையில் பார்த்தோமே. வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஊர்த் திருவிழா. சீரியல் லைட் வளைவைக் கட்டி ஸ்விட்சைப் போட்டோம். ‘நல்வரவு’ எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. விழாப் பெரியவர் அண்ணாந்து பார்த்தார்.

“எரியற லைட்டு எங்க வூட்லயே இருக்குதுங்க. மின்னும்னு சொல்லித்தான வந்தீங்க?”

சாமி கிளம்புவதற்குள் மின்னாவிட்டால் அடுத்த வருடம் தியாகதுருகத்துக்காரரைக் கூப்பிட்டுக்கொள்வதாக, மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் ‘இருங்க’ பக்கம் திரும்பினேன்.

“இன்னாடா இது?”

“இருங்க மொதலாளி. மின்னிக்கினுதான் இருக்குது. உங்க கண்ணுக்குத்தான் தெரியல.”

கோளாறு என் கண்ணில்தானாம். அப்புறம் ஒயரைப் பிடுங்கினான், கேபிளை மாற்றினான், போர்டை ஊதினான். கடைசியில் என்னையே கோயில் மண்டபத்து டியூப்லைட் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். நான்தான் போர்டாம், அவன் புரோகிராமாம்; லேப்டாப்பில் எழுதியதை அவன் வரிவரியாகப் படிக்க, நான் செய்ய வேண்டுமாம். முதலாளியைப் போர்டாக்கிய ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

“போடுங்க. இருங்க. நிறுத்துங்க, போடுங்க. இருங்க. நிறுத்துங்க, போடுங்க.”

என் கை திணறியது. “டேய், நிறுத்துன கைய எடுக்கறதுக்குள்ள போடச் சொன்னா எப்பிடிடா? நடுவுல ஒரு ‘இருங்க’ சொல்லித் தொலையேன்.”

அந்த வரிகளை விரல் வைத்துத் திரும்பப் படித்தான். ஊருக்கே ‘இருங்க’ சொன்னவன், அணைந்த லைட்டுக்கு மட்டும் அதைச் சொல்ல மறந்திருக்கிறான். அணைந்த கணமே திரும்ப எரிந்ததால், அணைந்ததே யார் கண்ணுக்கும் படவில்லை. லேப்டாப்பில் ஒரு வரி சேர்த்தான். சாமி வெளியே வரும்போது ‘நல்வரவு’ கண் சிமிட்டியது. கம்ப்யூட்டரையே ரிப்பேர் செய்த அஞ்சாங்கிளாஸ் நான். நீங்களும் நாலு பேரிடம் சொல்லுங்கள்.

ஆனால் அணைந்தால் எரிய நேரமாகிறதே என்று அன்றே கேட்டேன். “உங்க கைக்கு வலிக்காத அளவுக்கு வெச்சிருக்கேன் மொதலாளி” என்றான்.

இப்போது ஓசூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான். வளைவு ரொம்ப மெதுவாக மின்னுகிறது, வேகம் கூட்டிவிடலாம் என்று புதிதாக வந்த ஆள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறான்.

“இருப்பா” என்கிறேன், ஒவ்வொரு முறையும்.