இரண்டு துப்பாக்கிக்கு ஒரு பெட்டி

விமானத்திலிருந்து தள்ளிவிட்டாலும் உடையாத பெட்டிதான் வேண்டும் என்று என் அப்பா தாண்டவராயன் சபதம் செய்தார். ஒரகடம் பக்கத்து ஃபாக்டரி ஒன்றில் அவர் பேக்கிங் சூப்பர்வைசர். இருபது வருடமாக மெஷின்களைப் பெட்டியில் அடைக்கிறவர். இப்போது அடைக்கவேண்டியது, லைசென்ஸ் உள்ள இரண்டு வேட்டைத் துப்பாக்கிகள். கல்கத்தா தாண்டித் தேயிலைத் தோட்டத்தில் மானேஜராக இருக்கும் அவர் சகலை கோதண்டராமன், காட்டுப்பன்றித் தொல்லை என்று அழைத்திருந்தார். அனுமதிக் கடிதமெல்லாம் வந்தாயிற்று. லீவு எட்டே நாள் என்பதால் விமானம். டிக்கெட் ஒன்றுதான்.

கோதண்டராமனின் மனைவி சரோஜா யார்? என் அம்மா செங்கமலத்தின் சொந்தத் தங்கை! அக்காவும் தங்கையும் பார்த்துப் பதினொரு வருடம் ஆகிறது. தொண்ணூற்றொன்றாம் வருடத்திலும் இது எந்த ஊர் நியாயம்? நான் எம்.ஏ. படிப்பவள். பேச்சுப்போட்டியில் மூன்று கோப்பை வாங்கியவள். சும்மா இருப்பேனா?

“தங்கச்சிய பாக்க அம்மா போவக்கூடாதாப்பா?”

“வேட்டைக்கு எதுக்கும்மா பொம்பள?”

“வேட்டைக்கு இல்ல, தங்கச்சி வூட்டுக்கு!”

“அப்போ மாட்ட யாரு கறக்கறது?”

ஒரு மணி நேரம் வாதாடினேன். அரசியல் சட்டம் வரைக்கும் போனேன். அப்பா ஷிஃப்டுக்குப் போனார்.

அம்மா டிக்கெட்டை என்னிடம் நீட்டினாள்.

“பொடி எழுத்துல இன்னா போட்டுக்கீது, படி கண்ணு.”

படித்தேன். ஆளுக்கு இருபது கிலோ சாமான்.

“உம்” என்றாள். அந்த ‘உம்’மை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ரோடு கடைக்கு மூவரும் போனோம். கடைக்காரர் நீளமான ஃபைபர் பெட்டியைக் காட்டினார். அப்பா ஒரே கையால் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“நல்லாத்தான் கீது,” என்றாள் அம்மா. “கீழ போட்டா தாங்கும் இல்ல?”

பேக்கிங் சூப்பர்வைசரிடம் கேட்கிற கேள்வியா அது! அப்பா விரலால் தட்டினார். “டொக்குங்குது. வாணாம்.”

அடுத்தது அலுமினியம்.

“மேல நாலு மூட்டைய ஏத்தினா?”

“நசுங்கிடும்.”

“எல்லாம் சரிங்க, நீங்க ஃபாக்டரில அடிக்கிற பெட்டி மாதிரி வருமா?”

முடிந்தது. பிள்ளைப்பாக்கத்து வீட்டில் இரண்டு வாரம் சுத்தியல் சத்தம். தேக்குப் பலகை, இரும்புப் பட்டை, உள்ளே தேங்காய்நார், மூன்று பூட்டு. சோதனைக்கு மொட்டைமாடியிலிருந்து தள்ளினார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. துணி துவைக்கிற கல் இரண்டாகப் பிளந்தது. ஃபாக்டரியிலிருந்து ஒரு ஷிஃப்டே வந்து பார்த்துவிட்டுப் போனது.

புறப்பட ஐந்து நாள் இருக்கையில் அம்மா மெதுவாகக் கேட்டாள். “மூட்ட நிறுக்கிற தராசுல சும்மா ஒருவாட்டி மாட்டிப் பாக்கலாமா?”

துப்பாக்கிகளோடு முப்பத்துமூன்று கிலோ.

“இருபதுதானாமே,” என்றாள் அம்மா.

“பேசாம அந்த ஃபைபர் பெட்டியையே வாங்கிடுங்கப்பா,” என்றேன்.

“மூணு ஷிஃப்டுலயும் சொல்லிட்டேன். மானம் போயிடும். கூடுதலுக்குக் காசு கட்டிக்கலாம்.”

“தெரியாமத்தான் கேக்கறேன். இரும்புக்குக் கட்டற காச ஒரு ஆளுக்குக் கட்டினா, அந்த ஆளுக்கு இன்னோர் இருபது கிலோ குடுப்பாங்களா?” என்றாள் அம்மா.

அப்பா தொடையில் தட்டினார். “செங்கமலம்! எனக்கு ஒரு யோசன தோணுது!”

“அப்பா, அது உங்க யோசன இல்ல, அது அம்மா…”

அம்மா என் காலை மிதித்தாள்.

இரண்டாவது டிக்கெட் வந்தது. நாற்பதில் மீதி ஏழு கிலோ. சரோஜா சித்திக்கு முறுக்கு, புளி, வடகம், அம்மாவின் புடவைகள் என்று ஆறரை கிலோ போயிற்று. அரைக் கிலோவுக்குள் அப்பா ஒரு வேட்டியையும் சட்டையையும் மடித்து வைத்தார். வாசலில் கார் வந்து நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது.

“ஏய், மாடு?”

அம்மா காரில் ஜன்னலோரம் உட்கார்ந்தாகிவிட்டது.

“நம்ம பொண்ணு எனக்காக எம்மாம் நியாயம் பேசிச்சு! அது கறக்காதா?”

எட்டு நாளும் நான்தான் கறந்தேன். மாட்டுக்கு அரசியல் சட்டம் தெரியவில்லை.