மாம்பழ வாசக் கஞ்சாவும் என் கல்யாணமும்

கெட்ட பழக்கம் இல்லாதவனை எல்லோரும் மெச்சுவார்கள்; ஆனால் அவன் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்கள். பர் துபாயில் நாங்கள் ஐந்து பேர் பங்கு போட்டுத் தங்கியிருந்த ரூமில் என் பெயர் சாமியார். பீர் கிடையாது, சிகரெட் கிடையாது. (வெற்றிலை போட்டாலே எனக்குத் தலை சுற்றும்.) வருகிற விருந்தாளி என்னிடம் சௌக்கியம் விசாரித்துவிட்டு, உடனே என் சித்தி மகன் சுந்தர் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சுந்தர் ஹாலந்தில் படித்துவிட்டு துபாய்க்கு வேலைக்கு வந்தவன். அங்கே கஞ்சாவைக் கடையில் வைத்தே விற்பார்களாம். அதில் ஒரு கலப்பினம்தான் அவனுக்கு உயிர். மூளையைக் கிளப்புகிற செடியையும் உடம்பைத் தளர்த்துகிற செடியையும் சேர்த்து உண்டாக்கியதாம். (ஒட்டு மாங்கன்று மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.) கசக்கினால் பழுத்த மாம்பழ வாசம், இழுத்தால் அன்னாசி, கடைசியில் தொண்டையில் ஆரஞ்சுத் தோல். முதலில் சிரிப்பு வரும், பிறகு அகோரப் பசி, பிறகு தூக்கம். ராத்திரியில் என் காதில் மட்டும் அவன் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரு கோடையில் எனக்கு ஒரு வரன் வந்தது. பெண் கோமதி, எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், குடும்பம் ஷார்ஜாவில் இருந்தது. பர் துபாய் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். செருப்பு மாட்டும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். "சிகரெட் குடிக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க. அது ஒண்ணு போதும் எனக்கு." என் சாமியார் பட்டத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே மரியாதை அது. அன்றைக்கே அவளைக் கட்டிக்கொண்ட மாதிரிதான் ரூமுக்குத் திரும்பினேன்.

ஆனால் வளைகுடா மாப்பிள்ளையை விசாரிக்க ஒரு முறை உண்டு. அவன் இங்கே என்ன ஆட்டம் போடுகிறான் என்று ஊரில் யாருக்குத் தெரியும்? அதனால் பெண் வீட்டார் ஒருவரை வெள்ளிக்கிழமை அவன் ரூமுக்கு அனுப்புவார்கள். வந்தவர் தாகம் என்று ஃப்ரிட்ஜைத் திறப்பார். காற்று வாங்கப் பால்கனிக்குப் போய்ச் சிகரெட் துண்டு கிடக்கிறதா என்று பார்ப்பார். எனக்கும் இது தெரியும். விபூதி பூசிய பெரியவர் ஒருவர் வருவார் என்று ஃப்ரிட்ஜில் மோர் வாங்கி வைத்திருந்தேன்.

வந்தவரோ ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டிருந்தார். "பெட் ஸ்பேஸ் காலியா இருக்குன்னு கீழ சொன்னாங்க" என்றார். வாடகைக்கு விடக் கட்டில் எதுவும் எங்கள் ரூமில் காலியில்லை. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் வந்தவரை அனுப்ப மனமில்லாமல் உட்கார வைத்தோம். தண்ணீர் கேட்டு, தானே ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்துக்கொண்டார். (அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

மாம்பழம் நறுக்கினேன். "என்னா வாசம்!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். முதன்முறையாக ஒரு விருந்தாளி என் பக்கம் திரும்பியிருக்கிறார். விட்டுவிட முடியுமா?

"இதே வாசத்துல கஞ்சா இருக்கு, தெரியுமா?" என்றேன்.

சுந்தர் என் தொடையைக் கிள்ளினான். அவனை முந்திவிட்டேன் என்ற பொறாமை என்று நினைத்தேன்.

"அப்படியா? சொல்லுங்க சார்" என்றார் வந்தவர்.

சொன்னேன். ஒட்டுக்கன்று முதல் ஆரஞ்சுத் தோல் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். "சார் அடிச்சிருக்கீங்களோ?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பாவி, புன்னகை செய்தேன். "அதெல்லாம் ஒரு காலம்" என்றேன்.

அவர் சுந்தரைப் பார்த்தார். "தம்பிக்கும் பழக்கமுண்டா?"

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுண்ணே" என்று சொல்லிவிட்டு, சுந்தர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

வந்தவர் கோமதியின் தாய்மாமன் என்பது மறுநாள் அப்பாவின் போனில்தான் தெரிந்தது. "ஏலே, மாப்பிள்ளைய விசாரிக்க வந்தவர்கிட்ட நீ கஞ்சாவுக்கு குணம் சொன்னியாம்லா?" என்றார் அப்பா. அம்மா பின்னால் அழுதுகொண்டிருந்தாள்.

சுந்தரின் காலில் விழாத குறை. "அது உன் கதைதான்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுலே" என்றேன்.

"அண்ணே, நான் சொன்னா ஊர் பூரா பரவும்ணே. கம்பெனிக்குத் தெரிஞ்சா அடுத்த ஃபிளைட்ல ஏத்திருவான்." அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த வஸ்து பையில் துளி இருந்தாலே ஜெயிலில் போடுகிற ஊர் அது. அந்த நியாயம் புரிந்தும் அவனை நான் மன்னிக்கவில்லை; இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ரூமில் மற்றவர்கள் நான் இல்லாதபோது என் பெட்டியைக் குடைந்து பார்த்தார்கள். பிறகு மரியாதையாகவே சொன்னார்கள். "நீங்க நல்லவருதான். ஆனா போலீஸ் வந்தா எல்லாரையும்லா அள்ளிட்டுப் போவான்." நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷார்ஜா முவைலாவில் கம்பெனி ஆட்கள் தங்குகிற கேம்ப்புக்குப் போனேன். தாய்மாமன் தேடி வந்த பெட் ஸ்பேஸ் அப்படித்தான் காலியானது.

அடுத்த கோடையில் கோமதிக்குக் கல்யாணம். "அன்னைக்கு வாயே தொறக்காம சாப்பிட்டுச்சே ஒரு பையன்" என்று தாய்மாமன்தான் மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தார். சுந்தரின் கல்யாணத்தில் நான் பந்தியில் பாயசம் பரிமாறினேன்.

இப்போதும் விசேஷத்துக்கு எல்லோரும் கூடினால் சுந்தர்தான் மாம்பழம் நறுக்குவான்; முதல் துண்டை என்னிடம் நீட்டுவான். "அண்ணே, மோந்து பாத்து குணம் சொல்லுங்க!" வீடே சிரிக்கும். கோமதியும் சிரிப்பாள். பிறகு, "இவங்களுக்கு அந்தப் பக்கமே தெரியாது. அந்த மட்டும் நான் தப்பிச்சேன்" என்று சுந்தரைக் காட்டிப் பெருமையாகச் சொல்வாள்.

நான் பழத்தை வாங்கித் தின்பேன். அந்தக் கலப்பினத்தின் வாசம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வீட்டில் அது தெரிந்தவன் கையில்தான் கத்தி இருக்கிறது.