நிறுத்தி வைத்த காரில் எரிந்த விளக்கு

இனிமேல் இந்தக் காரை எந்த மெக்கானிக்கும் தொடக் கூடாது என்று வாத்தியார் சபதம் எடுத்தார். சபதம் எடுத்த இடம் குளியலறை. முழங்கை வரைக்கும் கிரீஸ். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவர், பள்ளிக்கூடமும் விடுமுறை, சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். சைலன்சர் குழாயைக் கழற்றி ஓட்டையை அடைத்தார். எஞ்சினின் இடப் பக்கத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று என்று இருந்த ஆக்சிஜன் சென்சார்களையும் புதிதாக மாற்றினார். பூட்டி முடித்தபோது நட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. அதில் அவருக்கே ஆச்சரியம்.

மனைவியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். பாதி வழியில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"என்னங்க, லைட்டு எரியுது."

"எரியும். புது சென்சார். பழகணும்ல?"

"பழகறதுக்கு அது என்ன புது மருமகளா?"

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவாள். லைசென்ஸ் வாங்கி எட்டு மாசம் ஆகிறது. இதுவரை ஒரு நாள்கூட கார் சாவியை அவர் அவள் கையில் கொடுத்ததில்லை. கேட்டால், கிட்னியைக் கேட்ட மாதிரி முழிப்பார்.

"சரி, ஒரு பந்தயம்," என்றாள் அவள். "சனிக்கிழமைக்குள்ள இந்த லைட்டை அணைச்சிட்டீங்கன்னா சாவி என்னைக்கும் உங்களுக்குத்தான். நான் வாயே திறக்கமாட்டேன். அணையலைன்னா சாவி எனக்கு."

"வாயே திறக்கமாட்டியா?"

"திறக்கமாட்டேன்."

அந்த ஒன்றுக்காகவே அவர் ஒத்துக்கொண்டார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறைக் காட்டும் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். இரண்டு எரர் கோட் வந்தது. இடப் பக்கம் பெட்ரோல் அதிகம். வலப் பக்கம் பெட்ரோல் போதவில்லை. ஒரே எஞ்சினில் ஒரு பக்கம் அஜீரணம், இன்னொரு பக்கம் பட்டினி! ஒன்றும் புரியவில்லை என்று மனைவியிடம் புலம்பினார். பட்டனை அமுக்கி இரண்டு கோட்களையும் அழித்தார். விளக்கு அணைந்தது. ஸ்கேனரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். அழித்த கோட் திரும்ப வர வேண்டுமானால் வண்டி கொஞ்ச தூரம் ஓட வேண்டுமாம். நின்ற இடத்தில் வராதாம்.

வாத்தியார் மூளையில் பளிச்சென்றது. ஓட்டினால்தானே வரும்? சனிக்கிழமை வரை ஓட்டவே வேண்டாம்! சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் நிம்மதியாகப் படுத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று கீழே போனார். கார் நிறுத்துமிடம் கட்டடத்துக்கு அடியில். ஆள் நடந்தால் விளக்கு எரியும், நின்றால் அணைந்துவிடும். எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பினார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

இறங்கி பானெட்டில் கை வைத்தார். சுட்டது. உள்ளே ஏறிப் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் இருக்கிற சுவர் தெரிய வேண்டிய இடத்தில் அவருடைய தொப்பை தெரிந்தது. யாரோ கண்ணாடியைக் கீழே சாய்த்திருக்கிறார்கள்.

கோட்களை அழித்துவிட்டு மேலே வந்தார். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. தூங்கி எழுந்தால் விளக்கு எரிகிறது, பானெட் சுடுகிறது. சாவியோ அவர் தலைக்கடியில் பத்திரமாக இருக்கிறது.

புதன்கிழமை காலையில் மூணாம் மாடி வக்கீல் லிஃப்டில் பிடித்துக்கொண்டார்.

"சார், நேத்து மூணு மணிக்கு உங்க வண்டி கேட்டைத் தாண்டிப் போச்சே?"

"நான் தூங்கிட்டிருந்தேனே சார்."

"அதான் சார் எனக்கும் குழப்பம். டிரைவர் சீட்ல தலையே தெரியல. ஸ்டியரிங் மட்டும் தானா திரும்புது. ஒழுங்கா இண்டிகேட்டர் வேற போட்டுத் திரும்பிச்சு."

"இண்டிகேட்டர் போட்டுச்சா?"

"போட்டுச்சு சார்."

வாத்தியார் ஜன்மத்தில் இண்டிகேட்டர் போட்டதில்லை. அந்தக் காரின் பழைய சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். அவர் போன பிறகுதான் டாக்டரம்மா காரை இவர்களுக்கு விற்றாள். உயிரோடு இருந்தவரை அதில் வேறொருத்தர் கை வைக்க விட்டதில்லையாம் மனுஷன். இப்போது விட்டுவிடுவாரா?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மெல்லச் சொன்னார். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"செத்தவரு எதுக்குங்க கார் எடுக்கப்போறாரு?"

"மதியம் ரெண்டு மணிக்கு மேலதான்டி போகுது!"

"அப்ப சாயங்கால கிளினிக்கா இருக்கும்."

அன்றைக்கு அவர் கீழே போகவே இல்லை. வியாழக்கிழமை மதியம் தூக்கமும் வரவில்லை. ஆனது ஆகட்டும் என்று மூணு மணிக்கு இறங்கிப் போனார். காரைக் காணோம். அது நிற்கிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் பளபளத்தது. அசையாமல் நின்றதில் விளக்கெல்லாம் அணைந்தது. இருட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும். அப்போது சரிவில் இரண்டு வெளிச்சம் இறங்கி வந்தது. அவருடைய கார்தான். ஓட்டுகிற இடத்தில் தலை இல்லை.

மாடிப்படியில் எப்படி ஓடி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. படுக்கையில் விழுந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளே வந்தாள். "என்னங்க, இந்தப் புழுக்கத்துல போத்திட்டு?"

"இந்தா சாவி. நீயே வச்சுக்க. பந்தயமும் வேணாம், காரும் வேணாம்."

"அட, வாங்க. ஒரு சுத்து போய்ட்டு வரலாம். பயம் போயிடும்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். அவர் மூணு தடவை உரசின தூணைத் தொடாமல், ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுத்தாள். கேட்டில் வக்கீல் நின்றிருந்தார். காரைப் பார்த்ததும் கேஸ் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒண்டினார். வாத்தியார் திரும்பிப் பார்த்தார். ஐந்தடிக்கும் குறைவான மனைவி, ஸ்டியரிங் வளையத்துக்கு நடுவே சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! நீயா?"

"பின்ன, பல் டாக்டரா?" இண்டிகேட்டர் போட்டுத் திருப்பினாள்.

அப்போதுதான் கவனித்தார். மஞ்சள் விளக்கு எரியவில்லை. "இது எப்படி அணைஞ்சுது?"

"எங்க லேப்ல ஒருத்தருக்குச் சர்க்கரை எக்கச்சக்கம், அடுத்தவருக்குத் தரைமட்டம்னு சேர்ந்தாப்ல வந்தா, உடனே நம்பமாட்டோம். குப்பியில சீட்டு மாறியிருக்கான்னு பாப்போம். நீங்க இடப் பக்க சென்சார் ஒயரை வலப் பக்கமும், வலப் பக்கத்தை இடப் பக்கமும் சொருகியிருக்கீங்க. பக்கத்து வீட்டுக்காரன் பசிக்குதுன்னு அழுதா, கார் கம்ப்யூட்டர் நமக்குச் சோறு போட்டுட்டிருந்திருக்கு. நேத்து வொர்க்ஷாப்ல குடுத்து மாத்திச் சொருகியாச்சு. இன்னைக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டேன். லைட்டு வரல."

வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை. ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தானே? வீட்டு வாசலுக்கு வருவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள லைட்டு அணைஞ்சா சாவி எனக்குன்னுதானே பந்தயம்? அணைஞ்சாச்சு. குடு."

அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். ஜெயித்த சாவியைச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொண்டு இரண்டு படி ஏறினார். மூணாவது படியில் கால் நின்றது.

"ஆமா, சாவி என் தலைக்கடியில இருந்துச்சு. நீ எதை வச்சு ஓட்டினே?"

"கார் வாங்கின அன்னைக்கே டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணு குடுத்தாங்க. 'உன் வீட்டுக்காரரும் எங்க வீட்டுக்காரர் மாதிரியே தெரியுறாரும்மா, இதைப் பத்திரமா வச்சுக்கோ'ன்னு."