சேர்மன் நாற்காலியில் லோரி

எரிகோவின் மதிலை வீழ்த்த அந்தக் காலத்து ஆசாரியர்கள் ஏழு நாள் எக்காளம் ஊதிச் சுற்றவேண்டியிருந்தது. கோல சிலாங்கூர் கானான் தேங்காய்ப்பால் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சில்வெஸ்டர் அதே பணியைப் போன செவ்வாய்க்கிழமை காலை, தனியாளாக, எக்காளமின்றி, ரிவர்ஸ் கியரில், ஏழே விநாடியில் முடித்தார். சுவரும் அவருடையது, லோரியும் அவருடையது. ஆகையால் இதை விபத்து என்பது தவறு. 'உள்நிர்வாக நடவடிக்கை' என்பதே சரி.

இடிந்தது மீட்டிங் அறைச் சுவர். அதை ஒட்டித்தான் சேர்மனின் கறுப்புத் தோல் நாற்காலி இருந்தது. கானான் நிறுவனத்துக்குச் சேர்மன் கர்த்தர். நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். 'சேர்மன்: வருகை தந்தார்' என்று குறிப்பில் எழுதாமல் எந்தக் கூட்டமும் தொடங்காது. பதினொரு வருடத்தில் இந்தச் சேர்மன், எம்.டி.யான சில்வெஸ்டரின் ஒரு தீர்மானத்தைக்கூட மறுத்ததில்லை. இப்படியொரு சேர்மன் வேறு எந்தக் கம்பெனிக்கு வாய்ப்பார்?

நிறுவனம் உலகத்தாரைப்போல் புத்தியை நம்பி நடப்பதுமில்லை. புத்தாண்டு ஆராதனையில் சபையார் ஆளுக்கொன்றாய் எடுக்கும், வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைச் சில்வெஸ்டர் பெட்டியோடு வாங்கி ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டார். சபாக் ஊரில் யாரிடம் தேங்காய் எடுப்பது, யாருக்கு லீவு கொடுப்பது, எல்லாம் பெட்டிதான் சொல்லும். பெட்டி எப்போதாவது தப்பாகச் சொன்னால், "இது எனக்கில்ல" என்று அட்டையைத் திரும்பப் போட்டுவிட்டு, சரியாகச் சொல்லும்வரை எடுப்பார். பொறுமையும் ஆவியின் கனிதானே.

அந்தச் செவ்வாய்க்கிழமை டிரைவர் தங்கராஜு லோரிச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"பிரேக் புடிக்கல லா, பாஸ். நான் எடுக்கல."

"விசுவாசம் வேணும் அண்ணே," என்று சில்வெஸ்டர் பெட்டிக்குள் கைவிட்டார். முதல் அட்டை காத்திருக்கச் சொன்னது. "இது எனக்கில்ல." அடுத்து வந்தது நாலாய் மடித்த மஞ்சள் சீட்டு, எண்ணெய்க் கறையோடு. கர்த்தர் அழுக்குத் தாளில் பேசுவாரா? பிரிக்காமலே போட்டார். மூன்றாவது அட்டையில் தேவதூதர்கள் காவலுக்கு வந்துவிட்டார்கள். சில்வெஸ்டர் தாமே லோரியில் ஏறினார். பிறகு நடந்ததுதான் எரிகோ.

மறுநாள் விசாரணைக் கூட்டம் தேங்காய்க் கிட்டங்கியில், சாக்குமூட்டைகள்மேல் கூடியது. நிதி இயக்குநரும் எம்.டி.யின் மனைவியுமான முரியல் குறிப்பேட்டைத் திறந்தாள்.

"சேர்மன் வருகைன்னு எழுதவா? நாற்காலி இன்னும் லோரிக்கு அடியிலதான் இருக்கு."

"எழுது. அவர் எங்கும் இருக்கிறவர்."

சூப்பர்வைசர் நவமணி தொண்டையைச் செருமினார். "எனக்கு அப்பவே ஆவியில உறுத்துச்சு, எம்.டி. லோரி முன்னாடி தங்கராஜு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தாரு."

"பழம் நசுங்கல," என்றார் தங்கராஜு. "சுவருதான் நசுங்குச்சு."

முரியல் பேனாவை உருட்டினாள். "இன்சூரன்ஸ் ஃபாரத்துல, ஓட்டுனது யாருன்னு கேக்குது."

"சாத்தான்," என்றார் சில்வெஸ்டர்.

"அவரோட ஐ.சி. கார்டு நம்பர் கேக்குதுங்க."

சில்வெஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வரும் சனிக்கிழமை புக்கிட் பெருந்துங்கில் விசுவாச வணிகர் ஐக்கியக் கூட்டம். 'கர்த்தரே என் சேர்மன்' என்ற தலைப்பில் சாட்சி சொல்லப்போவது அவர்தான். சேர்மன்மேல் லோரியை ஏற்றியது எம்.டி. என்று தெரிந்தால் சாட்சி என்னாவது? ஆகவே ஆழ்ந்த ஜெபத்துக்குப்பின் காரணம் கண்டறியப்பட்டிருந்தது: பிரேக் பழுதை எழுத்துமூலம் அறிவிக்க டிரைவர் தவறிவிட்டார். வேலைநீக்கக் கடிதம் டைப்பாகி, கையெழுத்துக்குக் காத்திருந்தது.

தங்கராஜுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சந்தையில் ஒற்றைத் துருவுமெஷினோடு சில்வெஸ்டர் கடை போட்ட நாளில், மெஷினைத் தூக்கி வந்து வைத்தவர் அவர். இந்த வயதில் அவருக்கு வேறு யார் லோரி கொடுப்பார்கள்? சில்வெஸ்டர் இளகிய மனசுக்காரர். இளகிய மனசுக்காரர்கள் கெட்ட காரியத்தைத் தாங்களே செய்யமாட்டார்கள். பெட்டியைச் செய்யச் சொல்வார்கள்.

மடியில் வைத்திருந்த பெட்டியிலிருந்து கண்ணை மூடி ஓர் அட்டை எடுத்தார். மன்னிப்பு பற்றியது.

"இது எனக்கில்ல."

இரண்டாவதாக வந்தது அந்த மஞ்சள் சீட்டு.

"இதுவும் எனக்கி—"

"அது உங்களுக்குத்தான் பாஸ்," என்றார் தங்கராஜு.

முரியல் அதை வாங்கிப் பிரித்து வாசித்தாள். லோரிப் பட்டறைக்காரர் எழுதிய சீட்டு. "நாலு சக்கரத்துலயும் பிரேக் தேஞ்சுபோச்சு. மாத்தாம ஓட்டக்கூடாது. பிப்ரவரி ஆறு. கீழ தங்கராஜு அண்ணன் கையெழுத்து."

நவமணி ஒரு தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

சில்வெஸ்டர் பெட்டியை மூடினார். "இத ஏண்ணே எங்கிட்ட குடுக்காம பொட்டியில போட்டீங்க?"

"கையிலதான் குடுத்தேன். ஜெபிச்சுச் சொல்றேன்னு திருப்பிக் குடுத்தீங்க. பாஸ் படிக்கிறது இந்தப் பொட்டி ஒண்ணுதானேன்னு அதுல போட்டேன். இன்னியோட அஞ்சு தடவ உங்க கைக்கு வந்துருச்சு." தங்கராஜு சாக்குமூட்டையிலிருந்து எழுந்தார். "அஞ்சு தடவையும் உங்க சாமி உங்ககிட்ட பிரேக் இல்லன்னுதான் சொன்னாரு, பாஸ். நீங்கதான் அத அவரு வாயிலயே திரும்பத் திணிச்சீங்க."